ஆயுத பூஜைக்குக் கழுவிய தண்ணீர்

சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸின் பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் கேனைப் பார்த்தேன். மெஸ் நடத்துபவர் எனக்குப் பழக்கமானவர். பாத்திரம் கழுவும் தண்ணீர் விழும் எண்ணெய்த் தொட்டி அடிக்கடி நிரம்பி நாறுகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார். நான் போவதற்குள் ஒரு விற்பனைக்காரர் முந்திக்கொண்டார். கேனின் மேல் 'ஊற்றினால் எண்ணெய் காணாமல் போகும்' என்று அச்சடித்திருந்தது. தொட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார்கள். மேலே ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"நீங்க வராமலே சரியாயிடுச்சு பாத்தீங்களா சார்," என்று சிரித்தார் மெஸ்காரர்.

"எண்ணெய் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"அதான் போயிடுச்சே."

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. துவாக்குடி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர், கழிவுநீரில் எண்ணெய் பிரிப்பதைப் பற்றி என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிப் பல நாளாகக் கேட்கிறார்கள். இப்போது எல்லாம் கருவிதான் அளக்கிறது, அளவு தானாகவே அலுவலகத்துக்குப் போய்விடுகிறது, பழைய கதை எதற்கு என்று தள்ளிப்போட்டு வந்தேன். அந்தக் கேனைப் பார்த்த பின் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு தவிட்டெண்ணெய் ஆலையில். அரிசி ஆலைகள் நிறைந்த ஊர் என்பதால் தவிட்டுக்குப் பஞ்சமில்லை. தவிட்டிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள், அதைக் காஸ்டிக் என்கிற காரம் சேர்த்துச் சுத்தம் செய்வார்கள், தொட்டிகளைக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீரெல்லாம் கடைசியில் எங்களிடம் வரும். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் ஆறு மாதம் பம்பு துடைத்தேன், படிகாரம் கரைத்தேன், எந்நேரமும் கையில் பழைய எண்ணெய் வாடையோடு சாப்பிட்டேன்.

அங்கே எங்களுக்குத் தலைமை வேதியியலாளராக இருந்தவர் வரதராஜன் சார். ஸ்ரீரங்கத்து உத்தர வீதிக்காரர். நெற்றியில் திருமண் கலையாமல் காலையில் டோல்கேட் நிறுத்தத்துக்கு வந்து, பஸ் மாறி, ஆலை சங்கு ஊதும் முன்பே உள்ளே இருப்பார். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் 'ஓய்' என்று கூப்பிட்டால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் நாள் அவர் என்னை எந்த இயந்திரத்துக்கும் அழைத்துப் போகவில்லை. ஆலையின் பின்கதவைத் திறந்து, எங்கள் தண்ணீர் வெளியேறும் வடிகாலைக் காட்டினார்.

"இதைப் பிடிச்சுண்டே போங்கோ. எங்க முடியறதோ அங்க வரைக்கும் போயிட்டு வாங்கோ. யார் யார் வயல்னு கேட்டுண்டு வரணும்."

வடிகால் ஒரு வாய்க்காலில் சேர்ந்தது. வாய்க்கால் மூன்று மதகுகளைத் தாண்டி ஒரு சின்ன ஊரின் வயல்களில் முடிந்தது. வெயிலில் போய்த் திரும்பி வந்து, கேட்டறிந்த பெயர்களைச் சொன்னேன்.

"நாளைக்குத் தொட்டியைப் பாக்கறச்சே அந்தப் பேரெல்லாம் ஞாபகம் இருக்கட்டும். தீர்த்தம் அவாளுக்குத்தான் போறது," என்றார்.

புதிதாக வந்த ஒவ்வொருவரையும் அவர் அப்படி நடக்க வைத்தார். வெளியேறும் தண்ணீரைக் கவனிக்கும் ஆளை அந்தக் கடைசி ஊரிலிருந்தே எடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் பிடிவாதம் பிடித்ததும் அவர்தான். அப்படி வந்தவன் முருகேசன். குத்தகைக்கு நிலம் வைத்திருந்தான். மூன்றாவது மதகைத் திறந்தால் முதலில் தண்ணீர் பாய்வது அவன் வயலில்தான்.

வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் கலந்த தண்ணீரை ஒரு நீளத் தொட்டியில் மெதுவாக விட்டால், எண்ணெய் தானாக மேலே வரும். அதை வழித்தெடுப்போம். அப்படி வராமல் தண்ணீருக்குள்ளேயே பொடிப்பொடியாகத் தங்கும் எண்ணெய்க்கு அடுத்த தொட்டி. அங்கே படிகாரம் போட்டுத் திரள வைத்து, அடியிலிருந்து பொடிக்குமிழிகளாகக் காற்றை விடுவோம். குமிழிகள் எண்ணெயை ஒட்டிக்கொண்டு மேலே வரும். அதற்கும் தப்பிய கொஞ்சத்தை மூன்றாவது தொட்டியில் நுண்ணுயிர்கள் தின்னும். அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். அதற்காக புளோயர் என்கிற பெரிய ஊதி இரவும் பகலும் ஓடும்.

வரதராஜன் சார் தொட்டியின் மேற்பரப்பை நம்பவே மாட்டார். தினமும் காலையில் வெளியேறும் தண்ணீரை நீளக் கழுத்துள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடிக்க வேண்டும். அதில் சொட்டுச் சொட்டாக அமிலம் விடுவார். புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, வாய்க்குள் பாசுரம் சொல்லியபடி காத்திருப்பார். தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் அமிலம் பட்டால் விட்டுப் பிரிந்து கழுத்துக்கு ஏறிவிடும். ஏறிய எண்ணெயைக் கழுத்தில் ஒட்டிய காகிதக் கோட்டோடு ஒத்துப் பார்ப்பார். கோட்டுக்குக் கீழே என்றால் தலையாட்டுவார். மேலே என்றால் "ஓய்". ஒவ்வொரு நாளும் பிடித்த தண்ணீரில் இன்னொரு புட்டியும் எடுத்து, ஒரு வாரம் அலமாரியில் வைத்திருப்போம்.

ஒரு மார்கழியில் துவாக்குடிப் பக்கம் ஒரு பால் பொருள் ஆலையில் வடிகால் அடைத்துக்கொண்டது. குளிரில் வெண்ணெய்க் கொழுப்பு குழாய்க்குள் மெழுகு போல இறுகியிருந்தது. தவிட்டெண்ணெய் நம் ஊர்க் குளிரில் இப்படி உறைந்து நிற்பதில்லை. பாலிலும் மாமிசத்திலும் வரும் கொழுப்பு வேறு ஜாதி. அவர்கள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றியிருந்தார்கள். அடைப்பு விட்டது. இரண்டு நாள் கழித்து அடுத்த தெருவில் அடைத்தது. எங்களை உதவிக்குக் கூப்பிட்டார்கள். சார் குனிந்து பார்த்துவிட்டு, "நீங்க கொழுப்பை எடுக்கலை ஸ்வாமி, பிரயாணம் பண்ணி வச்சிருக்கேள்," என்றார். அன்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மண்வெட்டியால் வெட்டி, வாளியில் அள்ளி, சோப்புக் கட்டி போடுபவருக்கு அனுப்பினோம்.

இனி நான் சொல்ல வந்தது.

அந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் தாமதமாக வந்தது. அதனால் சம்பா நாற்றங்காலெல்லாம் புரட்டாசியில்தான் விட்டார்கள். ஆயுத பூஜை சமயத்தில் நாற்று இரண்டு விரல்கடை உயரம்கூட இல்லை. வாய்க்காலிலும் தண்ணீர் குறைவு.

எங்கள் ஆலையில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் கழுவுவார்கள். வழக்கமாக எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்து வெந்நீர் ஊற்றுவதோடு சரி. அந்த வருஷம் முதலாளி வீட்டுச் சம்பந்திகள் பூஜைக்கு வருவதாக இருந்தது. உற்பத்தி மேனேஜர் ஒரு பீப்பாய் சோப்புத் திரவம் வாங்கி வைத்திருந்தார். தரை முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பணியில் இருந்தவர்களில் முருகேசனும் ஒருவன். தேய்ப்பதற்கு மற்றவர்களைவிட அவன்தான் முன்னால் நின்றானாம். கழுவி முடித்த பிறகு, எல்லா வருஷமும் செய்கிற மாதிரியே, மோட்டார்களை நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பூஜையன்று ஆயுதத்துக்கு ஓய்வு. எங்கள் பகுதியில் படிகாரப் பம்புக்கும், காற்று விடும் இயந்திரத்துக்கும், புளோயருக்கும் அதே மரியாதை.

எல்லாம் ஓய்வெடுத்தன. தண்ணீர் மட்டும் ஓய்வெடுக்கவில்லை. அது மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடுவது.

நானும் சாரும் விடுமுறையில் இருந்தோம். விஜயதசமி கழிந்து மறுநாள் காலை வேலைக்கு வந்தபோது முருகேசன் முதல் தொட்டிக்கரையில் நின்றுகொண்டிருந்தான். அத்தனை வருஷத்தில் அந்தத் தொட்டியின் மேற்பரப்பை அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை.

"எப்படிண்ணே இருக்கு?" என்றான். "வழிக்கவே வேலை இல்ல."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சார் வந்தார். தொட்டியைப் பார்த்தார். மூன்றாவது தொட்டிக்குப் போனார். பழுப்பாக இருக்க வேண்டிய தண்ணீர் கறுத்து, அழுகல் வாடை அடித்தது. நேராக அலமாரிக்குப் போய், பூஜையன்று காலையில் முருகேசன் பிடித்து வைத்திருந்த புட்டியை எடுத்தார். விடுமுறை நாளிலும் அவன் அந்த வேலையைத் தவறவிடவில்லை. புட்டியில் தண்ணீர் நீர்த்த மோர் மாதிரி இருந்தது. அதில் பாதியைச் சோதனைப் புட்டிக்கு மாற்றி அமிலம் விட்டார். அன்று பாசுரம் சொல்லவில்லை. எண்ணெய் ஏறியது. கோட்டைத் தாண்டியது. கழுத்து முழுக்க நிறைந்தது.

"சோப்பு போட்டேளா?" என்று கேட்டார்.

முருகேசன் ஆமென்று தலையசைத்தான். அவர் இன்னொன்று கேட்பதற்குள் வாசலில் சத்தம் கேட்டது.

வந்திருந்தவர்கள் மூன்றாம் மதகு ஊர்க்காரர்கள். முன்னால் நின்றவர் பெரியசாமி, முருகேசனுக்குச் சித்தப்பா முறை. கையில் ஒரு பிடி நாற்று வைத்திருந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். இலையெல்லாம் வெள்ளையாக, பிசுபிசுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தலை துவண்டிருந்தது. சாயங்காலம் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டுக் காலையில் வடிப்பது வழக்கம். அப்படி வடித்தபோது தண்ணீர் போய்விட்டது, தண்ணீரில் வந்தது நாற்றின் மேல் படிந்துவிட்டது. எங்கள் ஆலையை விட்டுப் போனபோது அது வெறும் வெளுத்த தண்ணீர்தான். வற்றி உப்பேறிக் கிடந்த வாய்க்கால் தண்ணீரில் சேர்ந்ததும் சோப்பு தயிர் போலத் திரிந்தது, சுமந்து வந்த எண்ணெயை அங்கே இறக்கிவிட்டது. சோப்பும் ஒருவகையில் எண்ணெயின் பிள்ளைதான் என்று பிற்பாடு நூலகத்தில் படித்தேன். எண்ணெயும் காரமும் சேர்ந்து பிறந்தது. தாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் எல்லை வரை போய் இறக்கிவிட்டிருக்கிறது.

ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒரு வால்வு. சுத்தம் செய்யாத தண்ணீரை நேரே வடிகாலுக்கு விடுவதற்கென்று அந்தக் காலத்தில் வைத்த குழாய் ஒன்று இருந்தது. அதைப் பூட்டியே வைத்திருந்தோம். ஊரெல்லாம் ஒரே பேச்சு: முருகேசன் காசு வாங்கிக்கொண்டு அந்த வால்வைத் திறந்துவிட்டான்.

"உள்ளூர்க்காரன் இருந்தா நல்லதுன்னுதானடா உன்னைய விட்டோம்," என்றார் பெரியசாமி. "எத்தினி ரூபாய்க்கு வித்த?"

"திறக்கல சித்தப்பா. என் நாத்தும்தான் போச்சு. வேணும்னா போய்ப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் வரேன். உன்னுதுக்கு வேற எடத்துல நாத்து பாத்து வச்சிருப்ப."

அவர்களை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு உற்பத்தி மேனேஜர் வரதராஜன் சாரின் அறைக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"சார், அவங்களே ஒரு காரணம் சொல்றாங்க. நாம ஏன் இல்லைன்னு சொல்லணும்? ஆபரேட்டர் தெரியாம வால்வைத் திறந்துட்டான்னு முடிச்சுடலாம். விதை நெல்லு வாங்கிக் குடுத்துடுவோம். ஒருத்தனோட போயிடும். ஆலைன்னு வந்தா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரங்க வந்து சீல் வச்சுடுவாங்க. எல்லாருக்கும்தான் வேலை போகும்."

வரதராஜன் சார் புட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நானே அங்க போறேன்," என்றார்.

"எதுக்கு சார்?"

"வால்வைத் திறக்கலைங்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சதைச் சொல்றதுக்கு."

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட எழுந்தார். சார் தடுக்கவில்லை. நான் முருகேசனையும் வெந்நீர்ப் பாத்திரத்தையும் ஸ்டவ்வையும் ஏற்றிக்கொண்டேன். மூவரும் ஆலையின் வண்டியில் மூன்றாம் மதகுக்குப் போனோம்.

மதகுக் கட்டையின் மேல் புட்டிகளை வைத்தார் சார். ஊரில் பாதிப்பேர் வரப்பில் நின்றார்கள். முருகேசனின் மனைவி கொஞ்சம் தள்ளி நின்றாள். அவள் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

முதல் புட்டியில், ஆலைக்குள் தொட்டிக்கு வரும் முன் பிடித்த தண்ணீர். அதில் மேலே தடிமனாகப் பழுப்பு எண்ணெய் தானாகவே மிதந்தது. "வால்வைத் திறந்தா உங்க வயலுக்கு வர்றது இது," என்றார் சார். "வந்திருந்தா அன்னிக்கே மதகில மிதந்திருக்கும். யாராவது கண்ணால பாத்தேளா?"

யாரும் பார்க்கவில்லை. வெளுத்த தண்ணீரைத்தான் பார்த்தார்கள்.

இரண்டாவது, முருகேசன் பூஜையன்று பிடித்த தண்ணீரின் மீதி. மேலே எண்ணெய் இல்லை. பெரியசாமியே கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். சார் அமிலம் விட்டு வெந்நீரில் நிறுத்தினார். எல்லாரும் காத்திருந்தோம். எண்ணெய் கழுத்துக்கு ஏறியபோது வரப்பிலிருந்து ஒருவர், "அட, உள்ளேயா இருந்துச்சு," என்றார்.

சோப்பு எண்ணெயைப் பொடியாக்கித் தண்ணீருக்குள் ஒளித்துவைத்ததைச் சார் சொன்னார். இயந்திரங்கள் நின்றிருந்ததைச் சொன்னார். தப்பு ஆலையுடையது, தானே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் முருகேசனைப் பார்த்தேன். அவனும் நிமிர்ந்திருந்தான்.

பெரியசாமி புட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப இவன் வால்வைத் திறக்கல."

"இல்லை."

"சரிங்க சாமி. அந்தச் சோப்பைப் போட்டுத் தேய்ச்சது யாரு?"

சார் வாயைத் திறந்தார். "மேலிடத்து உத்தரவு..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான் சித்தப்பா," என்றான் முருகேசன். "சுத்தமா இருக்கட்டுமேன்னு ரெண்டு தடவ போட்டேன்."

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். காசு வாங்கினவன் என்றால் அவர்களுக்குப் பகைக்க ஒரு ஆள் இருந்திருப்பான். ஒருவர் பின் ஒருவராக வரப்பை விட்டு இறங்கிப் போனார்கள். கடைசியாகப் போன பெரியசாமி அவன் தோளில் கை வைக்கப் போனவர் போல நின்று, வைக்காமல் போனார்.

சார் எழுதித் தந்தார். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. முதலாளி விதைநெல் கொடுத்தார். மறுபடி நாற்று விட்டு, எடுத்து நடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பிந்தி நட்ட இளம் பயிர் தண்ணீரில் நின்று அழுகியது. முன்னதாகவே நட்டிருந்த அக்கம்பக்கத்து ஊர் வயல்கள் தப்பித்தன. அந்த ஊருக்கு அந்த வருஷம் சம்பா இல்லை.

வரதராஜன் சாரை அதற்குப் பிறகு முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. பேசுவதையும் நிறுத்திவிட்டார். ஓய்வு பெறும் வரை சார் அதே பஸ்ஸில் வந்தார், அதே புட்டியில் பார்த்தார். ஆனால் புதிதாக வருகிறவர்களை வடிகாலோரம் நடக்க அனுப்புவதை விட்டுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த ஊருக்குள் ஆலை ஆள் என்று ஒருவனை அனுப்ப அவருக்கு முகம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு விஷயங்கள் மாறின. ஆயுத பூஜைக்குச் சோப்பு கிடையாது. எண்ணெய் எடுத்த தவிடு ஆலையிலேயே மலைபோலக் கிடக்கும். அதைத் தரையில் தூவி, பிசுக்கை உறிஞ்ச வைத்து, கூட்டி அள்ளிவிட்டு அப்புறம்தான் தண்ணீர். அடுத்தது, எங்கள் பகுதியில் எதற்கும் ஓய்வு கிடையாது. நான் பொறுப்புக்கு வந்த பின் ஒவ்வொரு வருஷமும் ஓடுகிற புளோயருக்குத்தான் குங்குமம் வைத்தேன். அதிர்வில் விரல் நடுங்கி, பொட்டு ஒரு நாளும் வட்டமாக விழுந்ததில்லை.

முருகேசன் ஊரை விட்டுப் போன நாளைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். குத்தகை நிலத்தை உடையவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அதுவரைக்கும் ஊரில் அவனுக்குத் தண்ணீர் முறை வந்தால் யாரும் மறுக்கவில்லை, யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. அவன் மனைவி குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்திருந்தது. கார்த்திகையில் ஒரு காலை, துண்டும் டிபன் பாக்ஸும் எடுத்துப் போக ஆலைக்கு வந்தான். மூடிக் கிடந்த ஆலை மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. முதல் தொட்டியில் எண்ணெய் தடிமனாக மிதந்தது. அவன் கரையில் நின்று பார்த்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். சோப்பு போடாம இருந்திருந்தா?"

"எண்ணெய் இங்கயே நின்னிருக்கும். வழிச்சிருப்போம்."

"தரை?"

"தரை கொஞ்சம் பிசுக்கா இருந்திருக்கும்."

அவன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவுதானா," என்றான்.